செயின் பறிப்பு வழக்கில் 3 ஆண்டு போதுமா?

பொருநைக்கரையான்:
வழிப்பறிக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல் கொடுக்கலாம் என்றது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 392-வது பிரிவு. பொழுது சாய்ந்ததிலிருந்து விடிவதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை. ஆனால் எங்கள் பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வரும் தீர்ப்புகள் ஒரு வருடம், இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. அதிலும் ரிமாண்டில் இருந்த நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். எங்கள் சித்தியின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் இழுத்ததில் அவர் கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றும் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. பிடிபட்டவனுக்கு இரண்டு ஆண்டு. சட்டத்தில் இருப்பதைக் கொடுக்க நீதிபதிகளுக்கு என்ன தயக்கம்?

கறுப்பு அங்கி:
நான் கிரிமினல் வக்கீல், பெரும்பாலும் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஆஜராகிறவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டால் 3 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கவே முடியாது. பிரிவு 10 ஆண்டு என்று சொன்னாலும் அவருடைய அதிகாரம் அவ்வளவுதான். இது போதாது என்று அவர் கருதினால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம். அங்கே 7 ஆண்டு வரை போகும். அப்படி அனுப்புவது அபூர்வம். ஆகவே நீங்கள் பார்க்கும் 3 ஆண்டு பல வழக்குகளில் இரக்கத்தால் வந்ததல்ல, அந்த நீதிமன்றத்தின் உச்சவரம்பு.

உங்கள் சித்தி வழக்கில் எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். வழிப்பறியின்போது கொடுங்காயம் ஏற்படுத்தினால் அதே சட்டத்தின் 397-வது பிரிவு வரும். அதில் குறைந்தபட்சமே 7 ஆண்டு, விசாரணையும் மாஜிஸ்திரேட்டுக்கு மேலே உள்ள செஷன்ஸ் கோர்ட்டில். குற்றப்பத்திரிகையில் ஏன் 392 மட்டும் இருந்தது? காயச் சான்றிதழில் டாக்டர் என்ன எழுதினார்?

பொருநைக்கரையான்:
சாதாரணக் காயம் என்றுதான் முதலில் எழுதியிருந்தது. எக்ஸ்ரே இரண்டு நாள் கழித்துத் தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்தோம். அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. கேட்க வேண்டியது யார்? பாதிக்கப்பட்டவரா, போலீஸா?

பழைய ரைட்டர்:
போலீஸ்தான் கேட்டிருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். 392 மட்டும் என்றால் 60 நாளில் குற்றப்பத்திரிகை போட வேண்டும். அதிகபட்சம் 10 ஆண்டு என்பது மட்டும் பெரிய குற்றங்களுக்கான 90 நாள் அவகாசத்துக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. ஒரு நாள் தவறினாலும் ஆள் ஜாமீனில் வெளியே. அந்த அவசரத்தில் காயச் சான்றிதழ் எப்படி வந்ததோ அப்படியே போகிறது.

சாட்சிகள் நிலைமை அதைவிட மோசம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தவனை நாலு நொடி பார்த்த அம்மாவைச் சிறைக்குக் கூட்டிப் போய், மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பில் காட்டச் சொல்கிறோம். அங்கே சரியாகக் காட்டினாலும் மூன்று வருடம் கழித்துக் கூண்டில் ஏறி மறுபடியும் காட்ட வேண்டும், அதுதான் நேரடிச் சாட்சியம். அதற்குள் அவர் மகள் ஊரோடு போயிருப்பார், அல்லது பயந்து, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிடுவார்.

கறுப்பு அங்கி:
அய்யா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். மீதிப் பாதி, பத்திரிகையில் பிடிபட்டவன் படம் வந்த பிறகு நடத்தும் அணிவகுப்பு. அதை நீதிமன்றம் எப்படி நம்பும்?

நகை மீட்பும் இதே கதைதான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும், பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு. வழக்குக்கு வழக்கு வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சியாக வருவார்கள். எந்த இடம், எத்தனை மணி, யார் எழுதியது என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் இருவரும் இரண்டு பதில் சொல்வார்கள். அடகுக் கடையிலிருந்து எடுத்தது உருக்கிய கட்டி என்றால் தன் சங்கிலி என்று அந்த அம்மா எதைக் காட்டுவார்? சிசிடிவி காட்சி இருக்கும், கூட அந்த மின்னணுப் பதிவுக்குப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழ் இருக்காது. இப்படி வந்த வழக்கில் நீதிபதி சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுக்கத்தான் வேண்டும். நிரபராதி ஒருவன் உள்ளே போகக்கூடாது என்பதற்காக வைத்த விதிகள் இவை. இவற்றைத் தளர்த்தச் சொன்னால் நான் எதிர்ப்பேன்.

மல்லிப்பந்தல்:
விதிகளைத் தளர்த்த யாரும் சொல்லவில்லையே. எனக்குக் கோபம் புதிய சட்டத்தின் மேல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304 என்று பறிப்புக்கே தனிப் பிரிவு. தண்டனை 3 ஆண்டு வரை மட்டும், சாதாரணத் திருட்டுக்குச் சொன்ன அதே அளவு! ஹரியானாவில் தனிப் பிரிவு கொண்டுவந்து குறைந்தது 5 ஆண்டு என்று வைத்தார்கள். பெண்ணின் கழுத்தில் கை வைப்பதும் கொடியில் காயும் துணியை எடுப்பதும் ஒன்றா?

கறுப்பு அங்கி:
304 வந்ததால் வழிப்பறிப் பிரிவு போய்விடவில்லை, அது 309 ஆகியிருக்கிறது. காயமோ உடனடிக் காயத்துக்கான பயமோ இருந்தால் 309 போட வேண்டும். அதில் 10 ஆண்டு வரை, காயப்படுத்தியிருந்தால் ஆயுள் வரை.

மல்லிப்பந்தல்:
காயம் இருந்ததா, பயம் இருந்ததா என்று முதல் நாள் முடிவு செய்வது எஃப்ஐஆர் எழுதுகிறவர். கழுத்தில் சிவந்த கோட்டைக் காயம் என்று எழுதுவாரா, விட்டுவிடுவாரா? சின்னப் பிரிவு ஒன்றைக் கையில் கொடுத்தால் அதைத்தான் போடுவார்கள். அதைத்தான் சொல்கிறேன்.

பழைய ரைட்டர்:
அது நடக்கும், மறுக்க மாட்டேன்.

பொருநைக்கரையான்:
வக்கீல் சார், பத்து வழக்கு உள்ளவன் பத்திலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு எல்லாத் தண்டனையையும் ஏககாலத்தில் கழிக்கிறானே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? இதுவும் விசாரணைக் குறையா?

கறுப்பு அங்கி:
இல்லை. இங்கே நீங்கள் சொல்வது சரி. சட்டப்படி தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதுதான் இயல்பு, நீதிபதி சொன்னால்தான் ஏககாலம். காரணம் எழுதாமல் அப்படி உத்தரவிடுவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் தேங்கிய வழக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒப்புக்கொள்கிறவனுக்கு இந்தச் சலுகை இல்லையென்றால் ஒருவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். பத்து வழக்கும் பல வருடம் நடக்கும், அதில் பாதி விடுதலையில் முடியும்.

பொருநைக்கரையான்:
அப்படியானால் சித்தி மேல்முறையீடு செய்யலாமா?

கறுப்பு அங்கி:
விடுதலை, குறைந்த குற்றத்துக்கான தண்டனை, போதாத இழப்பீடு, இந்த மூன்றுக்கும் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். தண்டனை குறைவு என்பதற்கு அரசுதான் போக வேண்டும். தீர்ப்பு நகலையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அரசு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மல்லிப்பந்தல்:
தோள் உடைந்தது அவருக்கு. தண்டனை குறைவு என்று சொல்லும் உரிமை மட்டும் அரசுக்கு. இதை என்னால் ஏற்க முடியாது.