வரைகலை அட்டைக்கான ‘அடாப்டர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) பொருத்தும் கையேடு ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை முடிந்தாக வேண்டும். மின்வழங்கியிலிருந்து (பவர் சப்ளை) வரும் கம்பியின் தலை, அட்டையிலுள்ள வாய்க்குப் பொருந்தாதபோது நடுவில் போடும் கம்பித்துண்டுக்குச் சொல் தேவை. இடறும் வரிகள் இவை (மோலெக்ஸ், சாட்டா இரண்டும் மின்வழங்கிக் கம்பிகளின் இணைப்பி வகைகள்; முள் என்பது இணைப்பியிலுள்ள ‘பின்’):

> இரண்டு மோலெக்ஸ் இணைப்பிகளை ஓர் ஆறு முள் இணைப்பியாக்கும் ______
> சாட்டா கம்பியிலிருந்து எடுக்கும் ______ பயன்படுத்த வேண்டாம்.

வரைவில் ‘மாற்றி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

இரா. எழுதியது:

‘மாற்றி’ வேண்டாம். மின்மாற்றி, திசைமாற்றி என்று அந்த விகுதிக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. மின்மாற்றி உண்மையிலேயே மின்னழுத்தத்தை மாற்றுகிறது. இந்தத் துண்டு எதையும் மாற்றுவதில்லை. இந்தப் பக்கம் 12 வோல்ட், அந்தப் பக்கமும் 12 வோல்ட். உருவம் ஒன்றுதான் வேறு.

அட்டைக்குத் தாய்ப்பலகையில் (மதர்போர்டு) அது செருகும் துளை வழியாக அதிகபட்சம் 75 வாட், ஆறு முள் இணைப்பி வழியாக 75 வாட், எட்டு முள் வழியாக 150 வாட் என்பது வரையறை. ஆறை எட்டாக்கும் துண்டில் என்ன நடக்கிறது? கூடுதலாக வரும் இரண்டு முட்களையும் தரைக்கம்பியோடு சேர்த்துவிடுகிறார்கள். அவற்றில் ஒன்று உணர்முள், அதாவது எந்த இணைப்பி மாட்டியிருக்கிறது என்று அட்டைக்குச் சொல்லும் முள். அது தரையைத் தொட்டதும் ‘150 வாட் கிடைக்கும்’ என்று அட்டை எடுத்துக்கொள்கிறது. பின்னால் இருக்கும் கம்பியின் பருமன் அப்படியேதான் இருக்கிறது. ‘மாற்றி’ என்று படிப்பவர், 75 வாட்டை 150 ஆக்கும் கருவி என்றே புரிந்துகொள்வார்.

சௌ. எழுதியது:

இரா. சொல்வது சரி. கலைச்சொல் பட்டியல்களில் அடாப்டருக்குத் ‘தகவி’, ‘ஏற்பி’ இரண்டும் உண்டு. ஏற்பியை உயிரியல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உயிரணுச் சவ்வில் இருப்பதெல்லாம் ஏற்பிதான். தகவி, தகு – தகவு வழி வந்தது. ஆனால் தகவு ஒரு பண்பு. ஒரு கம்பித்துண்டுக்கு அது பொருந்துமா என்ற தயக்கம் எனக்கு உண்டு.

என் பரிந்துரை ‘புணை’. புணர், பிணை, புணை எல்லாம் ஓரினச் சொற்கள். கட்டைகளைச் சேர்த்துக் கட்டினால் புணை. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுசேர்ப்பதும் அதுவே. ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்ற குறளில் சுடுவது எது? சினமென்னும் ‘சேர்ந்தாரைக் கொல்லி’, அதாவது தீ. இணைப்பிகள் உருகும் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான சொற்குடும்பம் கிடைக்காது. ‘புணரி’ என்றும் ஆக்கலாம். அது கடலைக் குறிக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

மு. எழுதியது:

சௌ. அம்மா, சொல் அழகுதான். ஆனால் இதைப் படிப்பவர் பெட்டியைத் திறந்து, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ‘சாட்டா புணை பயன்படுத்த வேண்டாம்’ என்றால் எதை வேண்டாம் என்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்த வரிதான் கையேட்டில் மிக முக்கியமானது. சாட்டா மின் இணைப்பியின் 15 முட்களில் 12 வோல்ட்டுக்கு மூன்றே உண்டு; ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஆறு முள் கேட்பதோ 75 வாட். உறை இளகும், கருகும். மோலெக்ஸின் முள் பெரியது, அதிகம் தாங்கும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் முள் ஒன்றுதான். அதனால்தான் இரண்டைக் கேட்கிறார்கள். அந்த இரண்டையும் ஒரே கம்பிச்சரத்திலிருந்து எடுத்தால் பயனில்லை, தனித்தனிச் சரத்திலிருந்து எடுக்க வேண்டும். ‘அடாப்டர்’ என்றே எழுதுங்கள்.

இரா. எழுதியது:

அடாப்டர் என்றதும் நினைவுக்கு வருவது மடிக்கணினியின் கறுப்புப் பெட்டி. அது மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. மாற்றியை எதற்காக விலக்கினோமோ அதே குழப்பம் இதிலும் வரும்.

‘இடைச்செருகி’ எப்படி?

சௌ. எழுதியது:

இடைச்செருகல் என்றால் பிற்காலத்தார் நுழைத்த பாட்டு. சுவடி பதிப்பித்தவர்களைக் கேளுங்கள், அந்தச் சொல்லின் மேல் எவ்வளவு வருத்தம் இருக்கிறது என்று! இணைப்பி ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், இடை + இணைப்பி = ‘இடையிணைப்பி’ என்றால் யகர உடம்படுமெய்யோடு சீராக வருகிறது. புணையை நான் விடவில்லை, இரண்டாமிடத்தில் இது.

மு. எழுதியது:

இதில் எனக்குப் பிடித்தது ‘இடை’. நடுவில் ஒரு மூட்டு கூடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. சூடேறுவது கம்பியில் அல்ல, தொடுமிடத்தில். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. எட்டு முள்ளில் 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், மூன்று 12 வோல்ட் முட்களுக்குப் பிரித்தால் தலைக்கு 4.2 ஆம்பியர் அளவு, தாராளம். 2022-இல் வந்த பதினாறு முள் இணைப்பியில் 600 வாட். 50 ஆம்பியரை ஆறு 12 வோல்ட் முட்கள் சுமக்க வேண்டும், தலைக்கு 8.3. முள்ளின் தாங்குதிறன் 9.5 ஆம்பியர்தான். முழுதாக உள்ளே போகாமல் ஒரு முள் சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கும் மற்றவற்றின் மேல் ஏறும். ‘கிளிக்’ ஓசை வரும்வரை அழுத்தி, இடைவெளி தெரிகிறதா என்று பார்த்து, மெல்ல இழுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வாயிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கம்பியை வளைக்க வேண்டாம். அதற்கான அடாப்டர் நான்கு எட்டு முள் கேட்டால் நான்கு தனிக் கம்பிகள். ஒரே கம்பியில் இரண்டு தலை இருப்பதைக் கணக்குக் காட்டக் கூடாது.

இன்னொன்று, ந. கவனிக்க: கையேட்டில் வெறும் ‘எட்டு முள்’ என்று எழுதியிருந்தால் ஆபத்து. செயலிக்குப் (சி.பி.யு.) போவதும் எட்டு முள்தான், ஆனால் அது 4+4 ஆகப் பிரியும். அட்டைக்குப் போவது 6+2 ஆகப் பிரியும். செயலிக் கம்பியில் பூட்டுநாக்குப் பக்கம் 12 வோல்ட், அட்டைக் கம்பியில் அதே பக்கம் தரை. இடம் மாற்றித் திணித்தால் குறுஞ்சுற்று. ‘செயலி எட்டுமுள்’, ‘அட்டை எட்டுமுள்’ என்று பிரித்தே எழுதுங்கள். கழற்றி மாட்டும் மின்வழங்கியென்றால், வேறு மின்வழங்கியின் கம்பியை எடுத்து மாட்ட வேண்டாம் என்ற வரியையும் சேருங்கள். மின்வழங்கிப் பக்கத்து முள் வரிசைக்குப் பொதுத்தரம் கிடையாது.

ந. எழுதியது:

மிக்க நன்றி. ‘இடையிணைப்பி’ என்றே போடுகிறேன். ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதல்முறை வரும்போது பக்கத்தில் ‘அடாப்டர்’ இருக்கும். சாட்டா எச்சரிக்கையில் மட்டும் இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும். எட்டுமுள் வரிகளையும் பிரித்துவிட்டேன்.

இரா. எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் ‘முள்’ஐயும் பேச வேண்டும், ‘ஊசி’ எழுதுவோரும் இருக்கிறார்கள்.

சௌ. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் படங்களின் ஓரத்தில் குறிப்பெழுதும்போது ‘இடையிணைப்பி’ கட்டத்துக்குள் அடங்காது, பார்த்துக்கொள்ளுங்கள். புணை இரண்டே எழுத்து.