ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்

*குழு: முத்தியால்பேட்டை வீடு*

கலா: (படம்) இதைப் பாருங்கள். கடல் கலங்கியிருக்கிறது, மழைக்காலம் முடியும் வரை டைவிங் இல்லை என்று கதிர் டைவிங் சிலிண்டர் இரண்டையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அடுப்பு இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கலாமா?

கதிர்: அம்மா, அது ஆக்சிஜன் இல்லை. நாம் மூச்சு விடும் இதே காற்றுதான், அமுக்கி அடைத்திருக்கிறது. தானாகத் தீப்பிடிக்காது.

பிரியா: சரிடா, தீப்பிடிக்காது. நான் சனிக்கிழமை என் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறேனே, அதற்கு என்ன வழி? எதைப் பார்த்தாலும் கட்டிப்பிடித்துத் தொங்குகிற வயது.

ரவி மாமா: கதிர், இரண்டும் சும்மாவா நிற்கின்றன? சங்கிலி எங்கே?

கதிர்: அலுமினியம் டேங்குக்கு அடி தட்டை மாமா, ஆடாமல் நிற்கும். ஸ்டீலுக்கு அடி உருண்டை, அதனால் ரப்பர் பூட் மாட்டியிருக்கிறேன்.

ரவி மாமா: யாரும் தொடாத வரைக்கும் நிற்கும். எங்கள் பட்டறையில் சிலிண்டரை நகர்த்தும்போது வால்வுக்கு மேல் இரும்பு மூடி போட்டுத் திருகிவிடுவோம். உன்னுடையதில் வால்வு அப்படியே தலையை நீட்டிக்கொண்டு இருக்கிறது. சாய்ந்தால் முதலில் அடி வாங்குவது அதுதான். உள்ளே எவ்வளவு அழுத்தம்?

கதிர்: ஸ்டீலில் 200 பார். அலுமினியத்தில் பாதிதான்.

ரவி மாமா: கலா, கார் டயரில் 2 பார் சொச்சம் இருக்கும். நீயே கணக்குப் போட்டுக்கொள்.

கலா: ஐயோ. டேய், படுக்க வைத்துவிடு. படுத்துக் கிடப்பது எங்கே விழப்போகிறது?

கதிர்: படகில் அப்படித்தான் செய்வோம். ஆள் பக்கத்தில் இல்லையென்றால் டேங்கை நிற்க விடமாட்டோம், படுக்க வைத்து இரண்டு பக்கமும் இடுப்பில் கட்டும் ஈய வெயிட் பெல்ட்டை அண்டக்கொடுப்போம். காரிலும் படுக்கைதான். ஆனால் மாதக்கணக்கில் வைப்பதென்றால் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஸ்டீல் டேங்குக்குள் துளி ஈரம் இருந்தாலும், நிற்கும்போது அது அடியில் போய்த் தங்கும். அங்கே உலோகம் தடிமன். படுக்கப் போட்டால் பக்கச் சுவர் நெடுகத் தேங்கித் துருவாகும். அந்த இடம்தான் மெல்லிசு.

கலா: நிற்கவும் வேண்டும், விழவும் கூடாது. நல்ல பிள்ளையைப் பெற்றேன்.

ரவி மாமா: அவன் சொல்வது சரிதான் கலா. கட்டாமல் விட்டதுதான் தப்பு. அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், தோளுக்குக் கீழே சுற்றிக் கட்ட வேண்டும். தாழக் கட்டினால் மேல்பாதி கவிழும். வால்வில் மாட்டவே கூடாது. எந்தச் சுவரில் அடிக்கலாம்?

கலா: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஹாலோ பிளாக்.

ரவி மாமா: அது இழுப்பைத் தாங்காது. பழைய செங்கல் சுவர் எது?

கலா: கதிர் படுக்கிற அறை, பீரோ மூலை. வெயிலும் அந்தப் பக்கம் வராது.

ரவி மாமா: அங்கேயே வைக்கலாம். ஆங்கர் போல்ட் நான் கொண்டுவருகிறேன்.

பிரியா: 200 பாரோடா வைக்கப் போகிறாய்?

கதிர்: இல்லை அக்கா, இரண்டையும் 20, 30 பாருக்கு இறக்கிவிடுவேன். பாதி இருந்தால் பரவாயில்லை என்று நினைப்பார்கள், அதுவும் தொல்லைதான். சில வால்வுகளில் அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து காற்றை வெளியே விடும் தகடு ஒன்று இருக்கும். வீட்டில் தீ என்று வந்தால், பாதி டேங்கில் அந்த அளவுக்கு அழுத்தம் ஏறுவதற்குள் சூட்டில் அலுமினியமே தளர்ந்துவிடலாம்.

கலா: அப்படியானால் முழுசாகக் காலி பண்ணிவிடேன்!

கதிர்: காலியாகி வால்வும் கொஞ்சம் லூசாக இருந்தால், நம் ஊர் உப்புக்காற்று ஈரத்தோடு உள்ளே போகும் அம்மா. கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தால் வெளியே இருப்பது உள்ளே வராது. மெதுவாகத்தான் இறக்க வேண்டும். மளமளவென்று திறந்தால் டேங்க் சில்லிட்டு ஈரம் படியும். அதனால் நேரம் ஆகும்.

கலா: மாடியில் வைத்துச் செய். மதியம் வேண்டாம், பாட்டி தூங்குவார்கள். அந்தச் சீறல் கேட்டால் குக்கர் என்று எழுந்து ஓடிவந்துவிடுவார்கள்.

ரவி மாமா: அந்த ரப்பர் பூட்டைக் கழற்றிப் பார்த்தாயா?

கதிர்: (படம்) இப்போதுதான் கழற்றினேன் மாமா. உள்ளே மணலும் உப்பும். பெயின்ட் கொப்பளித்திருக்கிறது, அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம்.

பிரியா: அச்சச்சோ.

ரவி மாமா: நகத்தால் சுரண்டிப் பார். பள்ளம் தட்டுப்படுகிறதா?

கதிர்: மேலாகத் துருதான், பள்ளம் இல்லை. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டேன். வருடாந்தர சோதனைக்குப் போகும்போது இந்த இடத்தைக் காட்டுகிறேன். அவர்கள் சரி என்று சொல்லாமல் காற்று அடைக்கப் போவதில்லை.

ரவி மாமா: அதுவரை பூட்டை மறுபடி மாட்டாதே, ஈரம் பிடித்துக்கொள்ளும். வட்டத் துளை போட்டு மரச்சட்டம் ஒன்று செய்து தருகிறேன். அடி அதில் உட்கார்ந்துகொள்ளும், மேலே சங்கிலி. விட்டம் எவ்வளவு?

கதிர்: அலுமினியம் 18.4 செ.மீ. ஸ்டீலை அளந்து சொல்கிறேன்.

கலா: இஞ்சி டேப் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. எடுத்ததை அங்கேயே வை.

பிரியா: மாமா, துளை போடும் வேலையை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். சனிக்கிழமை என்றால் இவன் டிரில்லிங் மெஷினை விடமாட்டான்.