பேண்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

திருச்சியிலிருந்து:

ஜீன்ஸ் அல்லாத எல்லா பேண்ட்டும் ஃபார்மல்தான் என்று 2009 வரை நினைத்திருந்தேன். அந்த ஆண்டு சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. தீபாவளிக்கு எடுத்த காக்கி நிறப் பருத்தி பேண்ட் புதிதாகவே இருந்தது. நீளம் மட்டும் கூடுதல். அதைக் குறைக்க, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தையல் கடைக்குப் போனேன்.

"எங்கே போட்டுக்கொண்டு போகப் போகிறீர்கள் தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இன்டர்வியூவுக்கு அண்ணே."

என் பேண்ட்டை உள்பக்கமாகத் திருப்பி மேஜையில் விரித்தார். வேறு யாருக்கோ தைத்துக்கொண்டிருந்த சாம்பல் நிற பேண்ட்டையும் திருப்பி அதன் பக்கத்தில் போட்டார். இரண்டும் இரண்டு வேறு பொருள்கள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

என்னுடையதில் துணியின் ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, இரட்டைத் தையலில் இறுகிக் கிடந்தன. அதே இரட்டைக் கோடு வெளியிலும் தெரிந்தது. பின்புறத் தையலில் விரல் நுழைக்கக்கூட உபரித் துணி கிடையாது. காலடி மடிப்பைச் சுற்றி மிஷின் தையல் ஓடியது. சாம்பல் நிற பேண்ட்டிலோ பக்கத் தையல் இருபுறமும் விரித்து இஸ்திரி போடப்பட்டிருந்தது. வெளியே ஒரு நூல்கூடத் தெரியவில்லை. பின்புறத்தில், இடுப்புப் பட்டியிலிருந்து கீழே வரை, இருபக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டிருந்தார். பட்டிக்கு உள்ளே தனியாக ஒரு துணிப்பட்டை, முன்னால் வெளியே தெரியாத ஹூக். காலடியில் கையால் போட்ட எம்மிங். ஊசி ஒவ்வொரு முறையும் மேல்துணியின் ஓர் இழையை மட்டுமே பிடித்திருந்தது.

"இது உழைப்பதற்குத் தைத்தது, அது நிற்பதற்கும் உட்கார்வதற்கும் தைத்தது" என்றார். அதன் முழுப் பொருளும் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. காக்கி என்ற சொல்லுக்கே உருதுவில் மண் நிறம் என்று பொருள். 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய படைக்குக் கொடுத்த உடை அது. பின்னாளில் பட்டாளத்துக் காக்கித் துணியிலிருந்தே, இன்று சினோ என்று விற்கும் இந்தப் பருத்தி பேண்ட் வந்தது. ஜீன்ஸும் அப்படித்தான். பாக்கெட் கிழியாமலிருக்கச் செம்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு, நெவாடாவில் தையல்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873இல் காப்புரிமை பெற்றார்கள். வேலையாட்களின் உடையில் தையல் வெளியே தெரிவதில் தவறொன்றும் இல்லை. அங்கே உறுதிதான் அழகு.

இன்டர்வியூவுக்குப் புதிதாக ஒரு ஃபார்மல் பேண்ட் தைக்க, நான் 1.20 மீட்டர் பாலியஸ்டர் விஸ்கோஸ் கலப்புத் துணி எடுத்துக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது ஷூ போட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். செருப்போடு நின்று நீளம் எடுத்தால் கணக்குத் தவறிவிடுமாம். முன்பக்கம் ஷூவின் மேல் லேசாக ஒரு மடிப்பு விழ வேண்டும், பின்பக்கம் சற்று இறங்கி நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முன் மடிப்பும் துணியின் இழையோடு நேராக ஓட வேண்டுமாம். சாய்ந்தால் நடக்கும்போது கால் முறுக்கியதுபோலத் தெரியும்.

பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து போய் இறங்கினேன், மடிப்பு அப்படியே இருந்தது. பாலியஸ்டர் சூட்டில் படிந்த வடிவத்தை விடாது. பருத்தியாக இருந்திருந்தால் விழுப்புரம் தாண்டுவதற்குள் முழங்காலில் கசங்கிப் பை விழுந்திருக்கும்.

அந்த பேண்ட்டை இரண்டு முறை இடுப்பில் விட்டுத் தைத்தாயிற்று. உள்ளே பழைய தையல்களின் ஊசித் துளைகள் இரண்டு வரிசை இன்னும் தெரிகின்றன. இன்றும் அணிகிறேன்.

மதுரையிலிருந்து:

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. ஃபார்மல் பேண்ட் கட்டாயம், பைக்கும் கட்டாயம். நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பைக் சீட்டில் தினமும் உரசினால் பின்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கத் தொடங்கிவிடும். சூடான இஸ்திரிப் பெட்டியை நேராகத் தேய்த்தால் இன்னும் மோசம். ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை மேலே போட்டு அழுத்துங்கள், இழுக்காதீர்கள். தொடையில் பிடித்தாற்போல் தைக்கவும் வேண்டாம். பக்கவாட்டில் சாய்வாக வெட்டிய கிராஸ் பாக்கெட் வாய் பிளந்து நிற்கும். இப்போதைய ஸ்லிம் மோகத்தில் நல்ல துணியெல்லாம் இப்படித்தான் கெடுகிறது என்பது என் வருத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீன்ஸ்தான் போடுகிறேன். அதற்குரிய இடத்தில் அதைவிட நிம்மதியான உடை வேறு இல்லை.

நாமக்கல்லிலிருந்து:

என் மகன் வேகமாக வளர்கிறான். பள்ளிச் சீருடை பேண்ட்டின் அடியில் மூன்று அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்வேன். வருடா வருடம் பிரித்து இறக்கினால் போதும். ஜீன்ஸிலும் அப்படிச் செய்யலாம் என்று நினைத்துப் பிரித்தேன். மடிப்பு இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. நீலச் சாயம் நூலின் மேல்பரப்பில்தான் நிற்குமாம், உள்ளே வெள்ளைதானாம். எத்தனை முறை துவைத்தும் அந்தக் கோடு போகவில்லை.

திருச்சி அண்ணா, அந்தத் தையல்காரர் இன்னும் கடை வைத்திருக்கிறாரா? மகன் ஜூனில் திருச்சிக் கல்லூரியில் சேர்கிறான். அவனுக்கு நல்லதாக ஒன்று தைத்துக் கொடுக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து:

இருக்கிறார் அம்மா. கண் பார்வை குறைந்துவிட்டதால் எம்மிங்கை இப்போது அவர் மகள் போடுகிறார். தையல் அதே நேர்த்திதான். வளரும் பிள்ளை என்று சொல்லிவிடுங்கள், அடியில் கூடுதலாகத் துணி விடுவார்கள். அளவு கொடுக்க வரும்போது ஷூவை மறக்காமல் போட்டு வரச் சொல்லுங்கள்.