டிசூ கல்ச்சர் வாழைக்கன்று: கொழும்புப் பக்கத் தோட்டங்களில் கண்டவை

ஹோமாகமைப் பக்கமிருந்து:

கோழிக்கூட்டு வாழைக்கு டிசூ கல்ச்சர் கன்று, அதாவது ஆய்வுகூடத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்று, வாங்குகிறவர்கள் பலர் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். அந்தக் கன்று நோயில்லாமல் வருகிறது, அவ்வளவுதான். நோயைத் தாங்கும் குணம் அதற்குப் புதிதாக வந்துவிடாது. பனாமா வாடலில் மரம் செத்த குழியில் அதே கோழிக்கூட்டைத் திரும்ப நட்டால், மண்ணில் கிடக்கும் பங்கசு (பூஞ்சை) வேர்வழியே ஏறிவிடும். வாழையே இல்லாத நிலத்திலும் அது பல பத்து ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வாடல்தானா என்று பார்ப்பது சுலபம். கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும், காம்பு மடிந்து குற்றியைச் சுற்றித் தொங்கும், அடிக்குற்றி நெடுக வெடிக்கும். குறுக்கே வெட்டினால் செங்கபிலப் புள்ளிகள் வளையமாகத் தெரியும். அந்தக் காணித்துண்டில் கோழிக்கூட்டை மறந்துவிட்டு அம்புல் வாழை நடுங்கள். வாடலுக்கு அது நன்றாக ஈடுகொடுக்கும். வெட்டிய கத்தியையும் மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த பற்றைக்குப் போகாதீர்கள்.

கடுவெலையிலிருந்து:

வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கன்று ஓரடி உயரம், ஐந்தாறு விரிந்த இலை, பையின் அடியில் வெள்ளை வேர். கூட்டத்தில் ஒன்று மட்டும் கட்டையாக, இலை குறுகித் தடித்துத் தோல்போல இருந்தால், அல்லது இலையில் வெளிறிய திட்டுகள் இருந்தால், ஒதுக்கிவிடுங்கள். அது வளர்ப்பின்போது குணம் மாறிப்போன கன்று. எவ்வளவு பசளை போட்டாலும் ஒழுங்கான குலை தராது.

தாய்மரத்தடியில் முளைக்கும் குட்டிக்குக் கிழங்கில் சாப்பாடு இருக்கிறது, அதனால் இரண்டு வாரம் தண்ணீர் தவறினாலும் தாங்கும். டிசூ கன்றுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. முதல் ஒன்றரை மாதம் மழையில்லாத நாளெல்லாம் தண்ணீர் வேண்டும், முதல் பத்து நாள் தென்னோலை நிழலும் வேண்டும். ஆனால் களனி ஆற்றுப் பள்ளத்து மண்ணில் எதிர்ப்பக்கமாகவும் கெடும். குழியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் வேர் மூச்சடைத்து அழுகும். அங்கே இரண்டடிக் குழி வெட்டாமல், ஓரடி மேடு கட்டி அதன்மேல் நடுவதுதான் சரி. மேட்டு நிலத்தின் செம்மண் புளிப்பாக இருக்கும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டொலமைட் சுண்ணாம்பும் கூட்டெருவும் கலந்து வைக்க வேண்டும். பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடைந்தால் கன்று ஒரு மாதம் பின்தங்கும். பக்கத்தில் பூசணி, வெள்ளரி வேண்டாம். அவற்றில் இருக்கும் வைரசை, சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி இளங்கன்றுக்குக் கொண்டுவரும்.

அவிசாவளையிலிருந்து:

கன்றுக்குப் பணம் போதாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒடுங்கிய வாள்போன்ற இலையுடைய குட்டியை மட்டும் தோண்டுங்கள். சின்னதிலேயே அகல இலை விட்டது நீர்க்குட்டி, அதை விடுங்கள். வேரையும் கிழங்கின் கறுத்த தோலையும் வெள்ளைச் சதை தெரியும்வரை சீவுங்கள். வண்டு குடைந்த துளை உள்ளே போனால் அந்தக் குட்டியை எறியுங்கள். சீவியதைக் கொதிக்கும் நீரில் 30 செக்கன் முக்கி எடுத்து, ஆறவிட்டு நடலாம். வேரைத் தாக்கும் வட்டப்புழுவும் வண்டு முட்டையும் சாகும். வெப்பமானி இருந்தால் 52 முதல் 55 பாகை செல்சியஸில் 20 நிமிடம். வாடலுக்கும் வைரசுக்கும் இது எதுவும் செய்யாது, ஆகவே நல்ல பற்றையிலிருந்துதான் குட்டி எடுக்க வேண்டும்.

மீண்டும் ஹோமாகமை:

வைரசு என்றதும் முடிக்கொத்து நோயைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கையில் 1913இலேயே பதிவான நோய், இன்னமும் குட்டி கைமாறுவதில்தான் ஊர்விட்டு ஊர் போகிறது. இலைக்காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக வரும், பிறகு இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாகிவிடும். கண்டதும் கத்தியைத் தூக்குவது பெரிய பிழை. ஆடிய மரத்திலிருந்து அசுவினி பக்கத்துப் பற்றைக்குப் போய்விடும். முதலில் சவர்க்காரக் கரைசலைக் குருத்துக்குள்ளும் மட்டை இடுக்கிலும் ஊற்றி அசுவினியைக் கொல்ல வேண்டும். அதன்பிறகு ஒரு குட்டியும் மிஞ்சாமல் கிழங்கோடு தோண்டி, சின்னத் துண்டாக வெட்டி அழிக்க வேண்டும். பக்கத்து வளவில் நோய்ப்பட்ட பற்றை நின்றால், அதைப் பேசித் தீர்க்காமல் உங்கள் காணியில் டிசூ கன்று நட்டுக் காசைக் கரைக்காதீர்கள்.

கடுவெலை:

அம்புல் நடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இலையில் மஞ்சள் வரி போடும் வரிவைரசு இந்த வகையின் மரபணுவிலேயே ஒட்டியிருக்கிறது. டிசூ கல்ச்சரால் அது போகாது, கன்று விற்பவர் என்ன சொன்னாலும்.

ஒரே நாளில் நட்ட டிசூ கன்றுகள் ஏறக்குறைய ஒன்றாகக் குலை தள்ளும். பேலியகொடை சந்தைக்கு லொறியில் ஏற்றுகிறவருக்கு அது நல்லது, ஆனால் விலை விழுந்த வாரத்தில் மாட்டினால் மொத்தமும் போச்சு. அரை ஏக்கர்காரர் மூன்று பங்காக்கி இரண்டு மாத இடைவெளியில் நடலாம். முதல் நாலைந்து மாதம் முளைக்கும் குட்டிகளை வெட்டிவிட்டு, பிறகு ஒரே பக்கமாக ஒன்றை மட்டும் விடுங்கள். சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். ஹொரணை கனன்விலவில் அவர்களின் பழப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.