கலைச்சொல்: ஏராப் பொருத்து, பட்டி, இழைவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

பாய்ப்படகுப் பராமரிப்புக் கலைச்சொல் பட்டியலில் மூன்று ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் நிலுவை. படகின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் ஈய அல்லது வார்ப்பிரும்புக் கீல் (keel). அது உடலோடு சேரும் இடம். அங்கே விரிசலை அடைத்து, மேடுபள்ளம் தெரியாமல் வழவழப்பாக்கும் ஃபேரிங் (fairing) வேலை. என் முன்மொழிவு: கீல், கீல் மூட்டு, பட்டி பார்த்தல். கார் பட்டறையில் பட்டி பார்த்தல் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

செ.

*

> கீல், கீல் மூட்டு, பட்டி பார்த்தல்

செ. ஐயா, முதலிரண்டும் வேண்டாம். கீல் என்றால் நமக்குத் தார், கதவுக் கீல், மூட்டு. "கீல் மூட்டில் விரிசல்" என்று எழுதினால் எலும்பு மருத்துவரைத்தான் தேடுவார்கள். கப்பலின் அடிமரத்துக்கு ஏரா என்ற பழஞ்சொல் இருக்கிறது. மாட்டிய எடையைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பார ஏரா எனலாம்.

மூட்டு என்றால் அசையும். இந்த இணைப்பு அசையவே கூடாது. தச்சர் சொல்லும் பொருத்துதான் சரி: ஏராப் பொருத்து.

இது வெறும் சொல் விவகாரம் அல்ல. பழைய "கேட்டலினா 30" வகைப் பாய்ப்படகுகளில் பொருத்தின் முன்முனையில் வரும் விரிசலை அமெரிக்காவில் "கேட்டலினா சிரிப்பு" என்பார்கள். அந்தப் படகுகளில் ஏராவைத் தாங்கும் அடித்தண்டுக்குள் ஒட்டுப்பலகை வைத்திருந்தார்கள். போல்ட் துளை வழியாக நீர் இறங்கிப் பலகை உளுத்து நசுங்கினால் போல்ட் தளர்கிறது, முன்முனை வாய் திறக்கிறது. படகைத் தூக்குப் பட்டையில் தொங்கவிட்டுப் பாருங்கள். விரிசல் அகன்றால், அது பட்டிக்கு அடங்காத நோய். போல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். துரு நீர் கசிந்தால் ஏராவை இறக்கியே ஆக வேண்டும். காற்றுப் புகாத ஈர இடுக்கில் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும். வெளியே தெரியும் நட்டு பளபளப்பாக இருப்பதை நம்பக் கூடாது.

ம.

*

ஏரா, ஏராப் பொருத்து இரண்டுக்கும் என் வாக்கு. பட்டி பார்த்தலில்தான் ஆபத்து.

கார் பட்டி பாலியெஸ்டர் ரெசினில் டால்க் கலந்தது, நீர் உறிஞ்சும். அந்தச் சொல்லைப் போட்டால் யாராவது அந்த டப்பாவையே வாங்கி நீர்மட்டத்துக்குக் கீழே பூசுவார்கள். இங்கே வேண்டியது எபாக்சி, அதாவது ரெசினும் கெட்டிப்பானும் கலந்தால் இறுகும் பிசின். அதிலும் கலக்கும் தூளைப் பொறுத்து வேலை மாறும். கூழ்ம சிலிக்கா என்ற மிக நுண்ணிய தூள் கலந்தால் வலுவான பிணைப்பு, ஆனால் தேய்க்கக் கை ஓயும். நுண்குமிழித் தூள் (உள்ளே வெற்றான நுண் உருண்டைகள்) கலந்தால் எளிதில் தேயும், வலு குறைவு. சுமை தாங்கும் இடைவெளியில் நுண்குமிழியை அடைத்தால் அடுத்த பருவத்திலேயே அதே கோட்டில் வெடிக்கும். ஆகவே ஒரே சொல் போதாது: பிணைப்புப் பட்டி, இழைவுப் பட்டி. ஃபேரிங்குக்கு இழைவாக்கல். மரத்தை இழைக்கிறோம், ஒன்றோடொன்று இழைந்து போவது என்கிறோம். இரண்டு பொருளும் இதில் உண்டு.

அசையாத பொருத்தில் வேலை முறை இது. விரிசலை வி வடிவில் கடைந்து, பழைய பசையை முழுக்க எடுங்கள். வார்ப்பிரும்பை வெள்ளி நிறம் வரும்வரை மணல் அடித்து, சில மணி நேரத்துக்குள் எபாக்சி பூசுங்கள். தாமதித்தால் செந்துரு படரும். ஈயத்தை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தூசு நஞ்சு. எபாக்சியைப் பூசி, அந்த ஈரத்திலேயே கம்பித் தூரிகையால் தேய்த்தால் புது ஈயம் காற்றுப் படாமல் ஒட்டும். ரெசின் 5, கெட்டிப்பான் 1 என்ற வகையானால் அந்த அளவை முதலில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் தூள். தூள் போட்ட பின் கெட்டிப்பான் சேர்த்தால் கலவை சீராகாது. செங்குத்துப் பரப்பில் வழியாமலிருக்க இழைவுப் பட்டியில் கொஞ்சம் சிலிக்கா. ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் உள்ளே சூடேறி வெடிக்கும்.

க.

*

க. சொன்னதோடு ஒன்று. இறுகிய எபாக்சி மேல் மெழுகு போன்ற அமீன் படலம் வரும். கரைப்பானை நம்பாமல், வெறும் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிவிட்டு உப்புத்தாளை எடுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளே ஏறி, அடுத்த பூச்சு உரியும்.

இழைவாக்கலுக்குச் சின்னக் கட்டை கூடாது. அது பள்ளத்தோடு சேர்ந்தே இறங்கிவிடும். 60 செ.மீ.க்குக் குறையாத, லேசாக வளையும் பலகையில் 80 எண் தாள் ஒட்டி, குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். முதலில் மெல்லிய கருப்புப் பெயின்ட் தூவிக்கொண்டால் கருப்பு மிஞ்சும் இடமெல்லாம் பள்ளம். கொத்தனார் மட்டப்பலகை என்பதைப் பார்த்து இதை இழைவுப் பலகை எனலாம். தூவும் பெயின்ட்டுக்குப் "பள்ளங்காட்டி" என்று போட்டிருக்கிறேன். கொச்சையாக இருந்தால் மாற்றுங்கள்.

ம.

*

பள்ளங்காட்டி இருக்கட்டும், நன்றாகவே இருக்கிறது. ஏரா, பார ஏரா, ஏராப் பொருத்து, பிணைப்புப் பட்டி, இழைவுப் பட்டி, இழைவாக்கல், இழைவுப் பலகை ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றுகிறேன். கார் பட்டி எச்சரிக்கை இழைவுப் பட்டிக்குக் கீழே குறிப்பாக வரும். பொருத்து ஓரத்தில் இடும் நெகிழ்வான பாலியூரித்தேன் பசைக்கு மட்டும் சொல் வேண்டும். கலப்பத்து என்று யாரும் சொல்லாதீர்கள். அது மரப்பலகை இடுக்கில் நார் திணிப்பது.

செ.