திருமங்கலம் வீட்டு மருமகளுக்கு விசா: முகவரிச் சான்றில் சிக்கல்

வணக்கம். என் தம்பி மனைவி பிரான்ஸ் நாட்டவர். சென்ற ஆண்டு திருமங்கலத்தில் திருமணத்தைப் பதிவு செய்தோம். இருவரும் ஓராண்டாவது அம்மாவோடு இருக்க ஆசைப்படுகிறார்கள். சுற்றுலா விசா அதற்கு உதவாது; நெடுங்காலம் இந்தியாவில் தங்க உதவும் ஓ.சி.ஐ. அட்டைக்கோ பதிவுத் திருமணம் 2 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். ஆகவே இந்தியரின் துணைக்குத் தரும் ‘எக்ஸ்’ நுழைவு விசாதான் வழி. (வணிக விசா எடுக்கச் சொன்ன டிராவல்ஸ்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.)

சிக்கல் முகவரியில்தான். 180 நாளுக்கு மேல் தங்க வருபவர்கள் வந்த 14 நாட்களுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) இணையத்தளத்தில் முகவரிச் சான்றோடு பதிவு செய்ய வேண்டும். எங்கள் மின் இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே ஓடுகிறது. வீட்டு வரி ரசீது மட்டும் அம்மா பெயரில் இருக்கிறது. அந்த ரசீதும் அம்மாவின் கடிதமும் போதுமா, மின் இணைப்பைப் பெயர் மாற்றியே ஆக வேண்டுமா? மதுரைப் பக்கம் அண்மையில் பதிவு செய்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.