டீனேஜ் பசங்களுக்கு க்ரானிக் ஃபடீக்: அந்த மனநல ஃபார்ம் நிரப்பின அனுபவம் இருக்கா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
பொண்ணு கிரேட் 9, க்ரானிக் ஃபடீக், அதான் மாசக்கணக்கா தீராத அசதி நோய். போன செக்கப்புல டிப்ரஷன் இருக்கான்னு பாக்குற அந்த பிஎச்க்யூ ஃபார்ம நீட்டினாங்க, 9 கேள்வி. முதல் கேள்விக்கே பேனாவ கீழ வெச்சுட்டா. "ம்மா, எதுலயும் இஷ்டம் இல்லையான்னு கேக்குறாங்க, எனக்கு நெட்பால் ஆடணும்னு உசுரா இருக்கு, உடம்புதான் எந்திரிக்க விடல, இதுக்கு எதுல டிக் போட?" எனக்கு பதில் வரல. டாக்டர் மார்க்கக் கூட்டிப் பாத்துட்டு டிப்ரஷன்தான், தினமும் நடக்க வைங்கன்னுட்டார். பீச் ஓரமா நடக்க வெச்சோம், மறுநாள் நல்லாத்தான் இருந்தா, அதுக்கடுத்த நாள் பாத்ரூமுக்கே தாங்கிப் புடிச்சுதான் கூட்டிட்டுப் போனேன். அந்த ஃபார்ம நெனச்சாலே பத்திக்கிட்டு வருது.

பீனிக்ஸ் ரவி:
அக்கா கோவிச்சுக்காதீங்க, ஃபார்ம் மேல பழி போடாதீங்க. என் பையன் 16, வீட்ல வாயே தொறக்க மாட்டான், காவடிக்குக்கூட வரல, சொந்தக்காரங்க எல்லாம் சோம்பேறின்னாங்க. டாக்டர் எங்கள வெளிய உக்கார வெச்சுட்டு அவன தனியா கேட்டாங்க. கடைசி கேள்வி, செத்துப்போனா தேவலன்னு தோணுதா. அதுக்கு டிக் போட்டிருந்தான். கதவத் தொறந்து டாக்டர் எங்களக் கூப்பிட்ட அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. அந்த ஃபார்ம் இல்லேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.

மாரிட்ஸ்பர்க் செல்வி:
ரவி அண்ணே, கேக்கவே கூடாதுன்னு அக்கா எங்க சொன்னாங்க? மார்க்க மட்டும் பாத்து முடிவு கட்டுறதத்தான் சொல்றாங்க. தங்கச்சி மகளுக்கும் இதேதான் நடந்துச்சு. தூக்கம், அசதி, கவனம், மந்தமா இருக்கிறது, இந்த 4 கேள்வியும் நோயோட அறிகுறியேதான், ஒவ்வொண்ணுக்கும் அதிகபட்ச மார்க்கான 3 போட்டா அதுலயே 12 வந்துரும், 10 வந்தாலே டிப்ரஷன் இருக்கலாம்னு பாப்பாங்க. அதனால எந்தக் கேள்விக்கு எத்தனைன்னு தனித்தனியா பாக்கச் சொல்லுங்க. 1983லயே வந்த ஹாட்ஸ்னு பதட்டம், டிப்ரஷன் பாக்குற இன்னொரு ஃபார்ம் இருக்கு, உடம்பு அறிகுறிய வேணும்னே பெரும்பாலும் ஒதுக்கி வெச்சுதான் கேள்வி போட்டாங்க, அதையும் சேத்து கேளுங்க. பிள்ளைய தனியா பேச விடுங்க, கடைசி கேள்விக்கு 1 போட்டிருந்தாலும் அன்னைக்கே பேசணும். நடக்க வைக்கிற விஷயம், பிரிட்டன்ல வைத்திய வழிகாட்டுதல் போடுற நைஸ் அமைப்பு 2021ல குடுத்ததுலயே கொஞ்சங்கொஞ்சமா கூட்டிக்கிட்டே போற எக்சர்சைஸ் இந்த நோய்க்கு வேணாம்னு தெளிவா இருக்கு, பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. டிப்ரஷனும் கூடவே இருக்கலாம், இருந்தா அதுக்கும் வைத்தியம் பாக்கணும், அதுக்காக அசதி பொய்னு ஆயிராது.

சாட்ஸ்வொர்த் அம்மா:
ரவி தம்பி, பையன் இப்ப எப்படி இருக்கான்? செல்வி, அவ நிரப்பின ஃபார்மோட காப்பி கேட்டா குடுப்பாங்களா?